குடைச் சின்னத்தில் நின்ற நீதிபதிக்கு

சார்,

காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். விரலில் வைத்த மை பாத்திரம் தேய்த்தும் போகவில்லை. போகாது என்று தெரிந்தே தேய்த்தேன், எனக்குப் புத்தி அப்படி. முகர்ந்து பார்த்தால் காயத்துக்குப் போடும் மருந்து மாதிரி ஒரு வாடை. அந்த வாடையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். டைப்ரைட்டர் இல்லை, எப்போதோ கொடுத்துவிட்டேன். பேனாவால்தான் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் சீட்டு கிடையாது சார். பொத்தானை அழுத்தினால் பீப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பூத்தில் இருந்த பெண், "சத்தம் வந்துச்சாம்மா?" என்று கேட்டது. வந்தது என்றேன். மடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு வெளியே வந்தபோது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நம் தேர்தலை முடித்துவைத்ததே அந்த மடிப்புதானே.

உங்களை முதலில் பார்த்தது எண்பதுகளின் நடுவில். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் நம் கோர்ட். காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டு, அதன் கீழே நாலைந்து டைப்ரைட்டர் மேஜைகள். அதில் ஒன்று என்னுடையது. வக்கீல்களுக்கு மனு, பிரமாணப் பத்திரம், நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். அடிக்கிற கையை விட வாய்தான் வேகம் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்வார். நீங்கள் புதிதாக மாற்றலாகி வந்த மாஜிஸ்டிரேட். முன்சீப் பரீட்சை எழுதித் தேறி, எட்டாவது ஊராகவோ ஒன்பதாவது ஊராகவோ எங்களிடம் வந்து சேர்ந்திருந்தீர்கள். "யாரோடயும் பேச மாட்டாராம், ஒரு கல்யாணத்துக்கும் வர மாட்டாராம், காபி கூட வாங்க மாட்டாராம்" என்று நீங்கள் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. சரி, இன்னொரு சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை. அவசரம் அவசரம் என்று ஒரு வக்கீல் தலைமேல் நின்றதில், கார்பன் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டேன். ஆறு பக்கமும் அப்படியே. மேல் தாளில் முன்பக்கம் சரியாக இருந்தது, பின்பக்கத்தில் அதே எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி தலைமாறி விழுந்திருந்தது. கீழே இருந்த தாள் வெள்ளை வெளேர். நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் தனக்குக் கொடுத்த வெற்றுத் தாளைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டினார். சிரிப்பு. நம் ஆள் உடனே பழியை என் மேல் போட்டு, "அந்த அம்மாவோட மேஜையைக் காம்பவுண்டை விட்டே எடுக்கணும் யுவர் ஆனர்" என்றார்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறுவதா கீழே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் அந்த மேல் தாளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிதானமாக, வரி வரியாக. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, தலைமாறிய எழுத்தை நீங்கள் படித்துக்கொண்டிருந்தீர்கள்!

"கார்பனைத் திருப்பி வச்சிட்டீங்களாம்மா?"

"ஆமாம் சார். இதைப் படிச்சே பழகிப்போச்சு சார், கார்பன்ல வர்ற தப்பையெல்லாம் பின்பக்கமா பாத்துத்தான் திருத்துவேன். இன்னைக்குப் பாக்கல."

"எனக்கும் கொஞ்சம் படிக்க வரும்." என்றீர்கள். அரை மணி நேரம் கொடுத்தீர்கள், மறுபடி அடித்து வரச் சொன்னீர்கள். நான் திரும்பும்போது, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டீர்கள். எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பத்து எண்ணும் நேரம் காத்திருந்தீர்கள்.

அது உங்கள் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. எந்த வழக்காக இருந்தாலும் முடிக்கும் முன்னால் இரண்டு தரப்பையும் பார்த்து அதைக் கேட்பீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டீர்கள், காத்திருப்பீர்கள். அந்த மௌனத்தில்தான் பல பேர் உண்மையைச் சொல்வார்கள் என்று பெஞ்ச் கிளார்க் என்னிடம் சொல்லியிருக்கிறார். வக்கீல்களுக்கு அது பேஜார். பன்னிரண்டு மணிக்குச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ஓட வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நெளிவார்கள்.

நீங்கள் கைநீட்டி வாங்கிய ஒரே பொருள் ஜனவரி ஒன்றாம் தேதி எலுமிச்சம்பழம். அதிகாரியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று அன்றைக்கு எல்லோரும் ஆளுக்கொரு பழத்தோடு வரிசையில் நிற்போம். நூறு பழம் சேர்ந்துவிடும். மத்தியானம் அத்தனையும் பிழிந்து, சர்க்கரை போட்டு, வாய்தாவுக்கு வந்து வராந்தாவில் காய்ந்துகொண்டிருந்த ஜனங்களுக்குக் கொடுக்கச் சொல்வீர்கள். போலீஸ்காரருக்கும் ஒரு டம்ளர், அவர் விலங்கு மாட்டிக் கூட்டிவந்தவனுக்கும் ஒரு டம்ளர். சிடுமூஞ்சி என்று நினைத்ததற்கு நான் மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மூன்று வருஷத்தில் மாற்றல். அப்புறம் இரண்டு ஊர். நடுவில் உங்கள் மனைவி தவறிப்போனார்கள். சப் ஜட்ஜாக ரிட்டயர் ஆகி, பதினோரு ஊரில் எந்த ஊரும் சொந்த ஊராக ஆகாமல், தாம்பரத்துக்கே திரும்பி வந்தீர்கள். கிழக்கே ஏரிப் பக்கமாக வளர்ந்துகொண்டிருந்த நம் காலனியில், ஆறாவது தெருவில் வீடு. நான் ஐந்தாவது தெரு. உங்கள் சாமான் லாரி வந்து நின்றபோது என் வீட்டுக்காரர் போய்க் கைகொடுத்தார். மரப்பெட்டிகள் மேல் பழைய ஊர்ப் பெயர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து அடித்து எழுதியிருந்ததாம். "பாவம், மனுஷன் பொட்டிய முழுசாப் பிரிச்சதே இல்ல போல" என்று வந்து சொன்னார்.

காலனிக்கு எல்லாம் வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. மூன்றாவது தெரு முனையோடு குழாய் நின்றுவிட்டது. மற்ற மூன்று தெருவுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர். லாரி வராத நாள், ஏரிக்கரைக் கிணறு. என் பெரியவள் அப்போது பத்தாவது, சின்னவள் எட்டாவது. காலையில் ஆளுக்கு நாலு நடை. பெரியவள் முதல் பீரியடுக்குப் போன நாளை விட வெளியே நின்ற நாள்தான் அதிகம். "ஏண்டி லேட்டுனு கேட்டா தண்ணினு சொல்லு" என்பேன். "தினமும் அதையே சொன்னா யாரும்மா நம்புவாங்க?" என்பாள்.

தொண்ணூற்றாறில் பத்து வருஷம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். நம் வார்டுக்கு நிற்கப் போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் லாரிகள் வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கல்யாணம் கருமாதி என்றால் கேட்காமலே ஒரு லோடு அனுப்புகிறவர். ஆனால் அவர் ஜெயித்தால் நம் தெருவுக்குக் குழாய் வருமா? தன் லாரிக்குத் தானே யார் பிரேக் போடுவார்? காலனிச் சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்தி ஓய்ந்ததும் எல்லோரும் கடைசி பெஞ்சில் இருந்த உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஓட்டுக் கேக்கத் தெரியாதுங்க" என்றீர்கள்.

"நான் கேக்கறேன் சார். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்" என்று நான்தான் எழுந்து சொன்னேன். அரசாங்க உத்தியோகம் இல்லாததால் உங்கள் தேர்தல் ஏஜென்டாக நிற்க எனக்குத் தடையும் இல்லை.

சுயேச்சைகளுக்கான சின்னங்களில் தராசு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை விடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "அது கோர்ட்டோடது. அதைக் காட்டி நான் ஓட்டு வாங்கக் கூடாது" என்று சொல்லிக் குடையைத் தேர்ந்தெடுத்தீர்கள். லாரிக்காரருக்குப் பூட்டு. அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது, இந்த மனுஷனோடு கஷ்டப்படப் போகிறோம் என்று.

கஷ்டம்தான் பட்டேன். முப்பது வருஷமாக யார் வீட்டு வாசலும் மிதிக்காதவர், படியில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பீர்கள். கும்பிடச் சொன்னால், கும்பிட்டுவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். நாலாவது தெருவில் ஒரு டீச்சர், "லாரிக்காரர் இல்லேன்னா எங்களுக்குத் தண்ணியே இல்ல சார், அவரை எப்படி விட்டுக்கொடுக்கறது?" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லி, பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டீர்கள்! தெருமுனை வரை பொறுத்திருந்து, "சார், ஓட்டுக் கேக்க வந்தோமா, சாட்சி விசாரிக்க வந்தோமா?" என்று கேட்டேன். சிரித்தீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏரிக்கரையில் ஓலைக் குடிசை ஒன்றில் ஒரு ஆள் உங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். நாற்பது நாற்பத்தைந்து வயது, ஆட்டோ ஓட்டுகிறவர்.

"ஜட்ஜய்யா தானே நீங்கோ? என்னத் தெர்தா? சாராய கேஸ்ல மூணு மாசம் உள்ள போட்டீங்கோ."

மெதுவாக உங்கள் சட்டையை இழுத்தேன், நீங்கள் நகரவில்லை.

"தப்பா போட்டேனா?" என்று கேட்டீர்கள்.

"அதெல்லாம் இல்ல சார், சரக்கு என்துதான். ஆனா அன்னிக்கு நீங்கோ கேட்டீங்கோ பாரு, வேற எதுனா சொல்ணுமாப்பான்னு. நா இன்னா சொல்றதுன்னு முழிச்சிகினு நின்னேன். நீங்கோ வெயிட் பண்ணீங்கோ. என் வூட்டுல கூட எவனும் அப்டி என் பேச்சுக்குக் காத்துகினு இருந்ததில்ல சார்." உள்ளே திரும்பி, "ஏய், இந்த வூட்டுல நாலு ஓட்டு கீது, நாலும் கொடைக்கு!" என்று சத்தம் போட்டார்.

திரும்பும் வழியில், ஏரிக்கரை முடிகிற இடத்தில் நின்று, "அந்தாளு முகம் எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன்.

தேர்தல் நாளன்று மழை. குடைச் சின்னத்துக்கு வானமே பிரசாரம் செய்கிறது என்று பூத்துக்கு வெளியே எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அந்த மழைதான் வினையாக முடிந்தது. ஈரக் கையோடு, ஈரம் காயாத மையோடு, சீட்டை நீளவாக்கில் மடிக்காமல் சில பேர் குறுக்கே மடித்துப் போட்டுவிட்டார்கள். அது யாருக்கும் அப்போது தெரியாது.

எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு அடுத்து லாரிக்காரரின் மைத்துனர். நீங்கள் கடைசியில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். கட்டு கட்டாக எண்ணினார்கள். ஒரு கட்டில் நாம் மேலே, அடுத்த கட்டில் அவர். பகல் இரண்டு மணிக்கு எண்ணி முடித்தபோது குடை மூன்று ஓட்டு முன்னால் நின்றது. மூன்றே மூன்று! நான் வலையைப் பிடித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது ஒன்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு முத்திரை, பூட்டுக்கு எதிரே ஒன்று, குடைக்கு எதிரே ஒன்று. தேர்தல் அதிகாரி சின்ன வயது, விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். "ரெண்டு பேருக்கும் குத்தியிருக்காங்க. செல்லாதுன்னு போட்டுடறேன். ஏஜென்டுங்க பாத்துக்கங்க" என்று ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் காட்டினார். மைத்துனர் எட்டிப் பார்த்து, சரி என்றார்.

நானும் பார்த்தேன் சார்.

முதல் சீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டு முத்திரை ஸ்வஸ்திகா வடிவம், அதன் கைகள் ஒரு பக்கமாகச் சுற்றுகிற மாதிரி வளைந்திருக்கும். பூட்டுக்கு எதிரே இருந்தது அழுத்தமாக, சரியான பக்கம் சுற்றியது. குடைக்கு எதிரே இருந்தது வெளிறி, எதிர்ப்பக்கம் சுற்றியது. மடித்ததில் ஒட்டிய அச்சு அது, யாரும் குத்தியது இல்லை. வாழ்நாள் முழுக்கக் கார்பனின் முதுகைப் படித்த கண்ணுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? ஒன்பதையும் எண்ணிவிட்டேன். ஏழு பூட்டுக்கு உரியவை. இரண்டு நமக்கு. ஒன்பதும் செல்லாது என்றால் மூன்று ஓட்டில் நாம் ஜெயித்தோம். ஒன்பதும் செல்லும் என்றால் இரண்டு ஓட்டில் தோற்றோம்.

என் கண் முன்னால் நின்றது என் பெரியவள்தான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "பாத்துட்டேன். செல்லாது" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து உங்கள் குரல். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

நான் திரும்பவில்லை. "இல்ல சார்" என்றேன். நீங்கள் வழக்கம் போலக் காத்திருந்தீர்கள். அந்த அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பத்து எண்ணும் நேரம், அதற்கு மேலும் கூட இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நீங்கள் வலைக்குப் பக்கத்தில் வந்து, மேஜைமேல் இருந்த ஒன்பது சீட்டையும் குனிந்து பார்த்தீர்கள். "நான் வேட்பாளர். ஒரு ஆட்சேபணை இருக்கு" என்றீர்கள்.

"உங்க பக்கம் ஏதாவது விட்டுப்போச்சா சார்?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

"எனக்கு எதிரா விட்டுப்போச்சு."

சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னீர்கள். முத்திரை சுற்றும் பக்கத்தை ஒரு விரலால் காட்டினீர்கள், சீட்டைத் தொடாமல். அவர் கையேட்டைப் புரட்டினார், பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டார். நீங்கள் சொன்னது சரி. மைத்துனருக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ஏழு ஓட்டு அவர் பக்கம் போய்விட்டது. லாரிக்காரர் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்தார். விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். நீங்கள் அவருக்கு வாழ்த்துச் சொன்னீர்கள்.

நான் ஏஜென்ட் அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். பள்ளிக்கூட வாசலில், மழையில், ஊரே பார்க்க உங்களிடம் கத்தினேன். "அங்க நீங்க ஜட்ஜ் இல்ல சார், வேட்பாளர்! உங்களுக்கு நியாயம் பெருசு. என் பொண்ணுங்க தூக்கற குடத்தை ஒரு நாள் தூக்கிப் பாருங்க, அப்பத் தெரியும்!" பேச்சில்தான் கத்தினேன், உள்ளே பயம். பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னது உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்கிற பயம். நீங்கள் குடையை என் பக்கம் நீட்டினீர்கள். வாங்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் சத்தம். நீங்கள் உங்கள் மொபெட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு, கிணற்றிலிருந்து வந்து நின்றீர்கள். இரண்டு குடத்தையும் படியில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் கதவைத் திறக்கவில்லை. சம்மனை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்களே, அந்தக் கணக்கில் தினமும் வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள். அறுபது வயசுக்காரர் தண்ணீர் தூக்குகிறாரே என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "போய்ச் சொல்லேன், வேணாம்னு." நான் போகவில்லை. பெரியவள் மட்டும் ஜன்னல் வழியாக, "தாங்க்ஸ் அங்கிள்" என்பாள். முதல் பீரியடுக்கு அவள் நேரத்தோடு போக ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி. ஜனவரி ஒன்றாம் தேதி வந்தது. ரிட்டயரான ஜட்ஜுக்கு யார் எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள்? காலையில் நீங்கள் குடத்தை இறக்கும்போது நான் கதவைத் திறந்து ஒரு பழத்தை நீட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினீர்கள். "ஒண்ணுதான் இருக்கு. ஜூஸ் போட்டா ரெண்டு டம்ளர் வரும்" என்றீர்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். யார் வீட்டிலும் ஒரு வாய் வாங்காதவர், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஜூஸைக் குடித்தீர்கள். சர்க்கரை கம்மி என்று வேறு சொன்னீர்கள்.

அதற்கப்புறமும் குடம் நிற்கவில்லை. கூடவே மனுக்களும். நீங்கள் சொல்ல நான் அடிப்பேன், மூன்று காப்பி. மாதாமாதம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் குடையோடு உட்காருவீர்கள். லாரிக்காரர் உங்களைப் பார்த்தாலே நாற்காலியில் நெளிவாராம். இரண்டு வருஷம் நெளிந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவரே தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாவது தெருவில் குழாய் திறந்த அன்று உங்களை வந்து திருகச் சொன்னார். நீங்கள் என் பெரியவளைத் திருகச் சொன்னீர்கள். அவள் அப்போது காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். முதலில் காற்றுதான் வந்தது, அப்புறம் செம்மண் கலந்து தண்ணீர்.

அடுத்த வருஷமே குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். கஞ்சி கொண்டுவருவேன், பேப்பர் படித்துக் காட்டுவேன். ஆனால் வாயில் ஒன்று முட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம், வார்டில் எல்லோரும் தூங்கும்போது, சொல்லிவிடுவது என்று துணிந்தேன்.

"சார், அந்த ஒன்பது சீட்டு..."

"தெரியும்மா" என்றீர்கள். கண்ணைத் திறக்கக்கூட இல்லை. "நீங்கதான் முதல்ல பாத்தீங்க. எனக்கு உங்க முதுகு தெரிஞ்சுது. முதல் சீட்டைப் பாத்ததும் தோள் நின்னு போச்சு."

நான் அழ ஆரம்பித்தேன். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டா தண்ணீர் தூக்கினீர்கள்? அப்படிக் கேட்கவும் கேட்டேன். எனக்குத் தண்டனை கொடுத்தீர்களா சார் என்று கேட்டேன்.

நீங்கள் கையை ஆட்டி மறுத்தீர்கள். மூச்சு வாங்கியது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டீர்கள். இந்தத் தடவை காத்திருந்தது நான்.

"முப்பது வருஷம்மா. எல்லாரும் என்கிட்டப் பொய் சொல்லியிருக்காங்க. போலீஸ் சொல்லியிருக்கு, சாட்சி சொல்லியிருக்கு, வக்கீல் சொல்லியிருக்காங்க. எனக்காகப் பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான்." அப்புறம் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதை நான் குறிச்சுக்கல" என்றீர்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போய்விட்டீர்கள்.

இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ பிரமாணப் பத்திரம் அடித்துவிட்டேன் சார். 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று ஆயிரம் பேருக்காக அடித்திருப்பேன், அதில் பாதி பொய் என்று தெரிந்தே. ஒன்று கூட ஞாபகம் இல்லை. நான் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் அப்படியே இருக்கிறது. அது தப்பு. நீங்கள் எழுந்து வந்து அதைத் திருத்தியதுதான் சரி, என் பெண்களுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். ஆனால் பதினோரு ஊரில் யார் பக்கமும் சாயாமல், உங்கள் பக்கம் சாய ஒரு ஆளும் இல்லாமல் இருந்த மனுஷருக்கு, பத்து எண்ணும் நேரம் நான் சாய்ந்து நின்றிருக்கிறேன். அதற்காக மட்டும் என்னால் இன்றுவரை வருத்தப்பட முடியவில்லை சார்.